அட்டைப்படம் வரைந்தவர் எங்கே போனார்?

ரயில் புறப்பட இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கிறது. கூட்டத்தில் முண்டியடித்து ஓர் இடம் பிடித்து, பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, பிளாட்பாரத்துப் புத்தகக் கடைக்கு ஓடுகிறோம். நின்று படித்துப் பார்க்க நேரம் ஏது? வரிசையாகத் தொங்கும் புத்தகங்கள் மீது கண் ஓடுகிறது. ஏதோ ஓர் அட்டைப்படம் கண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. கை தானாகச் சட்டைப் பைக்குள் போகிறது.

அந்தப் புத்தகத்தை விற்றவர் யார்? எழுதியவரா? கடைக்காரரா? இருவரும் இல்லை. அட்டைப்படம் வரைந்தவர்! ஆனால் அவர் பெயர் நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அமெரிக்காவில் ஒரு விளையாட்டுக்கான விதிப் புத்தகங்களுக்கு அட்டைப்படம் தேர்ந்தெடுத்த கதை இது. அரை நூற்றாண்டுக் கதை. அதில் ஓவியம் இருக்கிறது, வியாபாரம் இருக்கிறது, மதச் சண்டை இருக்கிறது. புகழின் உச்சியில் இருக்கும்போதே எல்லாவற்றையும் போட்டுவிட்டு மறைந்துபோன ஒரு மனிதரும் இருக்கிறார்.

பலகை இல்லாத ஆட்டம்

விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. நிலவறைகளும் டிராகன்களும் என்று பொருள். டிராகன் என்பது சிறகு முளைத்து, வாயில் நெருப்பைக் கக்கும் ராட்சதப் பிராணி. மேல்நாட்டுப் பாட்டிக் கதைகளில் அடிக்கடி வரும்.

நான்கைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துகிறவர். நம் ஊர்த் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து, 'இது இன்ன நாடு, இன்னார் வருகிறார்' என்று சொல்வதில்லையா? அதுபோல அவர் காட்சியைச் சொல்வார். 'இருட்டான குகை. உள்ளே ஏதோ மூச்சு விடும் சத்தம். என்ன செய்யப் போகிறீர்கள்?' என்பார்.

மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம் ஏற்பார்கள். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். 'நான் தீவட்டியை ஏற்றுகிறேன்' என்பார் ஒருவர். 'நான் ஓடிவிடுகிறேன்' என்பார் இன்னொருவர். சொன்னது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இருபது முகம் கொண்ட பகடையும் உண்டு!

சதுரங்கம் போல இதற்குக் கட்டம் போட்ட பலகை அவசியமில்லை. நடப்பது எல்லாம் மனசுக்குள்தான். கடையில் விற்பது விதிகள் அச்சிட்ட புத்தகம் மட்டுமே. அதைப் பிரித்தால் பக்கம் பக்கமாக அட்டவணைகளும் கணக்குகளும் இருக்கும். ஆபீஸ் லெட்ஜர் மாதிரி!

ஆகவே, 'இந்த ஆட்டத்தில் இப்படியெல்லாம் நடக்கும்' என்று வாங்க வருகிறவனுக்குக் காட்டுவதற்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. அதுதான் அட்டை.

வேலை போன குமாஸ்தா

இந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் இருவர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். கைகாக்ஸ் சிகாகோ நகரில் இன்சூரன்ஸ் உத்தியோகம் பார்த்தவர். 1970-ம் ஆண்டு அந்த வேலை போயிற்று. பிறகு விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிற்றூரில், வீட்டிலேயே செருப்பு, பூட்ஸ் பழுது பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். ராத்திரியில் டைப்ரைட்டர் முன் உட்கார்ந்து விளையாட்டு விதிகளை எழுதினார்.

பெரிய கம்பெனிகள் இதைப் போட முன்வரவில்லை. 1973-ம் ஆண்டு, நண்பர் ஒருவருடன் சேர்ந்து அவரே ஒரு சிறு பதிப்பகத்தை ஆரம்பித்தார். பின்னாளில் 'டி.எஸ்.ஆர்.' என்று பெயர் பெற்ற நிறுவனம் அது. 1974-ம் ஆண்டு ஆயிரம் பிரதிகள் அச்சாயின. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். விலை 10 டாலர். பெட்டிகளை வீட்டில் உட்கார்ந்து கையாலேயே ஒட்டி அடுக்கினார்கள்.

அட்டைப்படத்துக்குப் பணம்? அதுதான் இல்லையே! தெரிந்த இளைஞர்களைப் பிடித்து, படம் ஒன்றுக்குச் சில டாலர் கொடுத்து வரையச் சொன்னார்கள்.

முதல் பெட்டியின் மேல், முன்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரை மீது வாளேந்திய வீரன் ஒருவன் இருந்தான். கிரெக் பெல் என்ற இளைஞர் போட்ட படம். பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். 1968-ல் வந்த 'ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்' என்ற சித்திரக்கதைப் பத்திரிகையில் இருந்த ஒரு படத்தைப் பார்த்து வரைந்ததாம் அது!

கூலி அப்படி, படம் அப்படி. ஆனாலும் ஆயிரம் பிரதியும் ஓராண்டுக்குள் விற்றுத் தீர்ந்தன. அதற்குக் காரணம் படம் அல்ல. ஒருவர் ஆடிப் பார்த்து, இன்னொருவருக்குச் சொல்லி, அவர் கடிதம் எழுதி வரவழைத்தார். வாய்வழி விளம்பரம். தபாலில் வாங்குகிறவனுக்கு அட்டைப்படம் தேவையில்லை. கடைக்கு வருகிறவனுக்குத்தான் தேவை. கடைகளில் சரக்கு அடுக்கப்பட்ட பிறகே அட்டைப்படத்தின் கதை உண்மையில் தொடங்குகிறது.

சண்டை முடிந்த பிறகு

1977 முதல் 1979 வரை மூன்று பெரிய கெட்டி அட்டைப் புத்தகங்கள் வந்தன. முதலாவது, பிராணிகளின் பட்டியல். இரண்டாவது, ஆடுகிறவர்களுக்கு. மூன்றாவது, ஆட்டத்தை நடத்துகிறவருக்கு.

முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் அட்டைப்படம் வரைந்தவர் டேவிட் சதர்லாந்து. வியட்நாம் போரில் பணிபுரிந்து திரும்பியவர். 1978-ல் வந்த இரண்டாவது புத்தகத்துக்கு வரைந்தவர் டேவிட் டிராம்பியர். அப்போது அவருக்கு வயது 24.

அந்த இரண்டாவது புத்தகத்தின் அட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெரிய மண்டபம். நடுவே, கொம்பு முளைத்த பிரம்மாண்டமான ஒரு சிலை. சிலையின் தலை மீது இரண்டு பேர் ஏறியிருக்கிறார்கள். கண்ணாகப் பதித்திருக்கும் பெரிய ரத்தினக் கல்லை நெம்பிப் பெயர்க்கிறார்கள். கீழே, பல்லி முகம் கொண்ட மனிதர்கள் செத்துக் கிடக்கிறார்கள். ஒரு பிணத்தை அப்புறப்படுத்துகிறார்கள். ஒருவன் வாளைத் துடைக்கிறான். இன்னும் சிலர் வரைபடத்தை வைத்துக்கொண்டு, 'அடுத்து எந்தப் பக்கம் போவது?' என்று யோசிக்கிறார்கள்.

கவனித்தீர்களா? படத்தில் சண்டையே இல்லை. சண்டை முடிந்துவிட்டது!

வேறு யாராக இருந்தாலும், வீரன் வாளை ஓங்கும் கணத்தைத்தான் வரைந்திருப்பார்கள். டிராம்பியர் அதற்கு அடுத்த நிமிஷத்தை வரைந்தார். ஆளுக்கு ஒரு வேலை. ஒருவன் ஏறுகிறான், ஒருவன் துடைக்கிறான், ஒருவன் கணக்குப் போடுகிறான். ஒரு ஷிப்டு முடிந்து அடுத்த ஷிப்டு ஆரம்பிக்கும் பட்டறையைப் போல இருக்கிறது.

இந்த விளையாட்டும் அப்படித்தான். வாள் வீச்சு கொஞ்சம். யோசனை, வாக்குவாதம், பங்கு பிரிப்பு, பயம், பேராசை எல்லாம் அதிகம். அதோடு ஒரு கேள்வியும் படத்திலேயே ஒளிந்திருக்கிறது: கண்ணைப் பெயர்த்தால் அந்தச் சிலை சும்மா இருக்குமா? பார்க்கிற சிறுவனுக்கு அது தெரிந்தாக வேண்டும். தெரிந்துகொள்ள ஒரே வழி, புத்தகத்தை வாங்கி ஆடிப் பார்ப்பது!

நல்ல அட்டைப்படத்துக்கு இலக்கணம் கேட்டால், அந்தத் துறையில் உள்ள பலர் இன்றும் இந்தப் படத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

சிவப்புப் பூதமும் தாய்மார்களும்

மூன்றாவது புத்தகத்தின் அட்டை வேறு மாதிரி. சதர்லாந்து வரைந்த அந்தப் படத்தில் கொம்பு வைத்த செக்கச் சிவந்த பூதம் நிற்கிறது. அதன் பிடியில் ஒரு பெண். எதிரே சிறு உருவமாக வீரர்கள் போராடுகிறார்கள். அரபுக் கதைகளில் வருகிற 'இஃப்ரீத்' என்ற நெருப்புப் பூதம் அது.

இந்தப் படம் 1979-ல் வந்தது. அதே ஆண்டு, மிச்சிகன் மாநிலத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காணாமல் போனார். இந்த விளையாட்டை நிஜமாகவே ஆடப் போய்ச் சுரங்கப் பாதையில் சிக்கிக்கொண்டார் என்று ஒரு துப்பறிவாளர் சந்தேகம் கிளப்பினார். பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. ஏறக்குறைய ஒரு மாதத்துக்குப் பிறகு மாணவர் வேறொரு மாநிலத்தில் உயிரோடு கிடைத்தார். அவர் போனதற்கு விளையாட்டு காரணமல்ல என்பதும் தெரிந்தது. ஆனால் கிளம்பிய வதந்தி அடங்கவில்லை.

'இது பிசாசு வழிபாடு' என்று சில மத அமைப்புகள் பிரசாரம் செய்தன. 1983-ல் இந்த விளையாட்டை எதிர்ப்பதற்கென்றே ஓர் இயக்கம் தொடங்கியது. தற்கொலை செய்துகொண்ட ஒரு பையனின் தாயார் ஆரம்பித்தது. பெற்ற வயிற்றின் துயரம் அது. அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் மகனின் சாவுக்கு விளையாட்டுத்தான் காரணம் என்று அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இந்தக் கண்ணோட்டத்தில் அட்டையைப் பாருங்கள். வரைந்தவருக்கு அது அரபுக் கதைப் பூதம். கடைக்குப் பையனுடன் வந்த தாய்க்கு? சிவப்பு உடம்பு, கொம்பு... சாத்தானேதான்!

1983-ல் மூன்று புத்தகங்களுக்கும் புதிய அட்டை வந்தது. ஜெஃப் ஈஸ்லி என்ற ஓவியர் வரைந்தார். சிவப்புப் பூதம் போயிற்று. அதன் இடத்தில், நீண்ட அங்கி அணிந்த ஒருவர் பெரிய கதவுகளைத் திறந்து நிற்கும் படம் வந்தது. அழகான படம், கைதேர்ந்த வேலை. எந்தத் தாயும் பயப்பட மாட்டாள்.

நமக்குச் சம்பந்தமுள்ள செய்தி ஒன்றும் இங்கே உண்டு. 1980-ல் இதே நிறுவனம் தெய்வங்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டது. கிரேக்கம், எகிப்து முதலான நாடுகளின் தெய்வங்களோடு நம் தெய்வங்களும் அதில் உண்டு. இந்திரன், அக்கினி, காளி, கார்த்திகேயன் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொருவருக்கும் 'இத்தனை அடி தாங்குவார்' என்று எண் போட்டிருந்தார்கள்! முருகனுக்கு மார்க் போடுகிற தைரியம் நமக்கு வராது. 1985-ல் அந்தப் புத்தகத்தின் பெயரே மாறியது. தெய்வம் என்ற சொல் தலைப்பிலிருந்து நீங்கியது. அட்டையும் மாறியது.

ஒரே பெட்டி, மூன்று படம்

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்காக விற்ற ஆரம்பப் பெட்டியின் அட்டை மட்டும் ஆறு ஆண்டுகளில் மூன்று விதமாக வந்தது. அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அட்டைப்படம் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்பது நன்றாக விளங்கும்.

முதலாவது 1977. சதர்லாந்து வரைந்தது. குகைக்குள் தங்கக் குவியல் மேல் சிவப்பு டிராகன். எதிரே வில்லோடு ஒரு வீரன், மந்திரக் கோலோடு ஒரு மந்திரவாதி. விளையாட்டின் பெயரில் இருக்கும் நிலவறை, டிராகன் இரண்டும் படத்தில் இருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவனும் பெயரைப் படித்துவிடலாம்!

இரண்டாவது 1981. எரல் ஓட்டஸ் வரைந்தது. நீருக்குள்ளிருந்து பச்சை டிராகன் எழுகிறது. அதை மந்திரத்தால் எதிர்ப்பவள் ஒரு பெண். வண்ணங்கள் விசித்திரமானவை. காய்ச்சலில் காணும் கனவு போல இருக்கும். பிடித்தவர்களுக்கு மிகவும் பிடித்தது. பிடிக்காதவர்கள் முகம் சுளித்தார்கள்.

மூன்றாவது 1983. லாரி எல்மோர் வரைந்தது. இவர் முன்பு ஃபோர்ட் நாக்ஸ் ராணுவ முகாமில் அரசாங்கச் சம்பளத்தில் ஓவியராக இருந்தவர். டிராகன் அட்டையை விட்டு நம் மேல் பாய்வது போல இருக்க வேண்டும் என்று கைகாக்ஸ் கேட்டதாக எல்மோர் பின்னாளில் கூறியிருக்கிறார். அப்படியே வரைந்தார். ராட்சத டிராகன் வாயைத் திறந்து நம்மை நோக்கி வருகிறது. எதிரே ஒரே ஒரு வீரன். முகம் நமக்குச் சரியாகத் தெரியாது. பெட்டி முழுக்கச் சிவப்பு.

மூன்றிலும் விஷயம் ஒன்றுதான். ஒரு டிராகன், எதிர்த்து நிற்கும் மனிதர். ஆனால் முதல் படத்தைப் பார்க்கும் பையன், 'அவர்கள் சண்டை போடுகிறார்கள்' என்பான். மூன்றாவதைப் பார்க்கும் பையன், 'நான் சண்டை போடுகிறேன்' என்பான். வீரனின் முகத்தைக் காட்டாததால் அந்த இடத்தில் தன் முகத்தை வைத்துக்கொள்கிறான். பொம்மைக் கடைகளிலும் புத்தகக் கடைகளிலும் அந்தச் சிவப்புப் பெட்டி தூரத்திலிருந்தே தெரிந்தது. பல மொழிகளில் வெளியாயிற்று. இன்று ஐம்பது வயதைத் தாண்டிய அமெரிக்கர் பலர், 'சிவப்புப் பெட்டி' என்று சொன்னாலே பையன்களாகிவிடுகிறார்கள்.

ஆனால் ஒன்றை இழந்தார்கள். டிராம்பியர் படத்தில் ஒரு கூட்டம் இருந்தது. சேர்ந்து செய்யும் வேலை இருந்தது. எல்மோர் படத்தில் இருப்பது தனி வீரன். நான்கு பேர் கூடி ஆடவேண்டிய ஆட்டத்துக்கு ஒற்றை ஆளை அட்டையில் போட்டார்கள். விற்பனைக்கு அது நல்லது. உண்மைக்கு?

எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

புத்தகம் எழுதி முடிவதற்கு முன்பே அட்டைப்பட வேலை ஆரம்பித்துவிடும். ஏனென்றால் விளம்பரத்துக்குப் படம் முதலில் வேண்டும். கலைப் பகுதிக்குப் பொறுப்பானவர் ஓவியருக்கு ஒரு குறிப்பு அனுப்புவார். யார் யார் இருக்க வேண்டும், என்ன நடக்க வேண்டும், தலைப்புக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஓவியர் தபால்தலை அளவில் நாலைந்து கிறுக்கல்கள் போட்டு அனுப்புவார். அதில் ஒன்று தேறும். பிறகு பென்சில் படம். பிறகுதான் வண்ணம். ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கும் படத்தை வாங்கிப் போடுவதும் உண்டு. அது மலிவு. ஆனால் படத்துக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தம் இருக்காது.

எது தேறும், எது தேறாது?

பத்தடி தூரத்தில் நின்று பார்த்தாலும் என்னவென்று புரிய வேண்டும். தலைப்பு எழுத்து வந்து வீரனின் தலையை வெட்டக் கூடாது. அலமாரியில் புத்தகத்தின் முதுகு மட்டுமே தெரியும்போதும் இனம் காண முடிய வேண்டும். உள்ளே இல்லாததை அட்டையில் காட்டி ஏமாற்றக் கூடாது. ஒரு தடவை ஏமாந்தவன் அடுத்த புத்தகத்தை வாங்க மாட்டான்.

இன்னொரு கேள்வியும் உண்டு. யாரை அட்டையில் போடுவது? பல ஆண்டுகள் வரை பெண் என்றால் ஒன்று பூதத்தின் பிடியில் கதறுவாள், அல்லது போதாத உடையில் போருக்குப் போவாள். 'அந்த உடையில் வாள் வெட்டை எப்படித் தாங்குவாள்?' என்று ஆடுகிற பெண்களே கேலி செய்தார்கள். ஆனால் ஆரம்ப காலத்திலேயே வேறு வழி காட்டியவர்களும் உண்டு. 1978-ல் வந்த 'ரூன்குவெஸ்ட்' என்ற விளையாட்டின் அட்டையில் பல்லி போன்ற பிராணியோடு போரிடுபவள் ஒரு பெண். தலையில் கவசம், கையில் கேடயம், கால் ஊன்றி நிற்கும் பாங்கு எல்லாமே நிஜப் போர் வீரனுக்கு உரியவை. வரைந்தவரும் ஒரு பெண்தான். பெயர் லுயீஸ் பெரின். 2014-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புதிய பதிப்பு வந்தபோது, ஆடுகிறவர் புத்தகத்தின் அட்டையில் ராட்சதனை எதிர்த்து முன்னால் பாய்பவள் ஒரு பெண்ணாகவே இருந்தாள். முப்பத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது!

படமே இல்லாத அட்டை

படம் போடாமலேயே ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள்.

1977-ல் 'டிராவலர்' என்ற விண்வெளி விளையாட்டு வந்தது. கறுப்புப் பெட்டி. படம் கிடையாது. ஆபத்தில் சிக்கிய ஒரு விண்கலம் உதவி கேட்டு அனுப்பும் சில வரிச் செய்தி மட்டும் அட்டையில் இருந்தது. இருட்டு, அதில் ஒரு கூக்குரல். மீதியை வாங்குகிறவனின் மனசே வரைந்துகொண்டது.

1991-ல் ரத்தக் காட்டேரிகளைப் பற்றி 'வாம்பயர்' என்ற விளையாட்டு வந்தது. அட்டையில் கோரைப் பல் இல்லை, ரத்தம் சொட்டவில்லை. பச்சைச் சலவைக்கல் மேல் ஒரு சிவப்பு ரோஜா. அவ்வளவுதான். 'இது சின்னப் பையன்கள் ஆட்டம்' என்று ஒதுங்கியிருந்தவர்களும் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள்.

2000-ம் ஆண்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நிறுவனமே இந்த வழிக்கு வந்தது. வீரனும் இல்லை, டிராகனும் இல்லை. உலோகப் பூண்களும் கற்களும் பதித்த பழைய மந்திரச் சுவடி போலவே அட்டையைச் செய்தார்கள். மந்திரவாதி வைத்திருக்கும் புத்தகத்தையே நீங்கள் வாங்குகிறீர்கள் என்பது போல!

ஆக, படமா, எழுத்தா, பூவா என்பது முக்கியமில்லை. வாங்குகிறவன் மனசில் ஒரு கதவு திறக்க வேண்டும். அதுதான் கணக்கு.

டாக்சி ஓட்டிய ஓவியர்

இனி டிராம்பியருக்கு வருவோம்.

சிலையின் கண்ணைப் பெயர்க்கும் படம் அவருக்குப் பெரும் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதே நிறுவனத்தின் 'டிராகன்' பத்திரிகையில் 'வோர்மி' என்ற சித்திரத் தொடரையும் வரைந்து வந்தார். வாசகர்கள் ஆவலோடு காத்திருந்து படித்த தொடர். 1988-ம் ஆண்டு, கதை நடுவில் இருக்கும்போதே அது திடீரென்று நின்றது. முடிவுரை இல்லை, விளக்கம் இல்லை. அவருக்கு அனுப்பிய காசோலைகள் மாற்றப்படாமலே திரும்பி வந்தன.

அவர் இறந்துவிட்டார் என்றே பலர் நினைத்தார்கள்.

2002-ல் இல்லினாய் மாநிலத்தில் கார்பன்டேல் என்ற ஊரில் உள்ள பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகை ஒரு கட்டுரை வெளியிட்டது. ராத்திரி டாக்சி ஓட்டும் டிரைவரின் ஒரு நாள் பொழுது எப்படிப் போகிறது என்பதுதான் விஷயம். டிரைவரின் படமும் பெயரும் போட்டிருந்தார்கள். பெயர் டேவிட் டிராம்பியர்!

பழைய ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். மறுபடி வரையச் சொல்லிக் கேட்டார்கள். அவர் அசையவில்லை. ஏன் விட்டார் என்று ஊர் உலகத்துக்குச் சொல்லவும் இல்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு மனசு கொஞ்சம் இளகியது. 2014 ஏப்ரலில் உள்ளூரில் நடக்க இருந்த ஒரு விளையாட்டுக் கண்காட்சியில் தன் பழைய படங்களை வைக்க ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன், மார்ச் 24-ம் தேதி காலமானார். வயது 59.

அந்த ஊரில் ராத்திரி நேரத்தில் அவர் டாக்சியில் ஏறி இறங்கிய மாணவர்களில், அவர் வரைந்த புத்தகத்தைப் பையில் வைத்திருந்தவர்கள் எத்தனை பேரோ! பின் சீட்டில் இருந்த அவர்களுக்கு, முன் சீட்டில் இருப்பவர் யார் என்று தெரிந்திருக்காது.

இயந்திரம் வரைந்தால்?

இன்று இந்தத் துறையில் புதிய பயம் ஒன்று வந்திருக்கிறது. சொன்ன மாத்திரத்தில் கம்ப்யூட்டரே படம் போட்டுத் தள்ளுகிறது. 2023 ஆகஸ்டில், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வரிசையில் ராட்சதர்களைப் பற்றிய ஒரு புத்தகத்தின் உட்பக்கப் படங்கள் சிலவற்றைப் பார்த்த வாசகர்கள், 'இதில் கை கால்கள் சரியாக இல்லையே, இயந்திரம் போட்ட படமா?' என்று கேள்வி எழுப்பினார்கள். படங்களுக்கு மெருகேற்ற அத்தகைய கருவியைப் பயன்படுத்தியதை ஓவியர் ஒப்புக்கொண்டார். தங்களுக்கு அது தெரியாது என்று நிறுவனம் கூறியது. இனிமேல் தங்கள் ஓவியர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி போட்டது.

நிறுவனம் கண்டுபிடிக்கவில்லை, காசு கொடுத்து வாங்குகிறவர்கள் கண்டுபிடித்துக் கேட்டார்கள். அதுதான் இந்தக் கதையில் நல்ல செய்தி. மலிவாகக் கிடைக்கிறதே என்று அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. கூலிக்கு உழைக்கிற நமக்கு இதன் அருமை தெரியும். லேத்தின் முன் நின்றாலும் சரி, லெட்ஜர் முன் உட்கார்ந்தாலும் சரி, 'இந்த வேலையை ஒரு மனிதன் செய்திருக்கிறான்' என்று பார்த்துச் சொல்ல நாலு பேர் இருக்கும் வரையில்தான் அந்த வேலைக்கு மதிப்பு.

1974-ல் சில டாலருக்கு வரைந்த பையன்களின் கிறுக்கல்களை இன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துப் போற்றுகிறார்கள். அந்தப் படங்களில் கோணல் உண்டு, கை கால் நீளக் குறைவு உண்டு, பார்த்து வரைந்த திருட்டும் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆள் உண்டு.

டிராம்பியர் தன் படங்களில் மூன்று எழுத்துக்களில் கையெழுத்திடுவார்: டி.ஏ.டி. சின்ன எழுத்து. தேடினால்தான் கண்ணில் படும். அடுத்த தடவை பிளாட்பாரக் கடையில் ஓர் அட்டைப்படம் உங்களைப் பிடித்து நிறுத்தினால், காசு கொடுத்த கையோடு அதன் மூலையையும் கொஞ்சம் பாருங்கள். யாராவது ஒருவர் அங்கே பெயர் எழுதி வைத்திருப்பார்.